ஏடு தேடிய தாத்தாவும் எங்கள் வீட்டுச் சர்வரும்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி கும்பகோணத்தில் இருவர் சந்தித்தார்கள். ஒருவர் சேலம் இராமசாமி முதலியார். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப். மற்றவர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. வயது 25.

யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் விசாரித்தார். சாமிநாதையர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் ஒன்றைச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கும் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பெயர்களைச் சொன்னார். சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

உயர்நிலைப் பள்ளியில் இதைப் பாடமாகப் படித்தபோது தமிழ்த் தாத்தாவின் வாழ்வில் ஒரு திருப்புமுனை என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். இப்போது பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கிறேன். தரவுச் சேமிப்பைப் பற்றிய பாடம் ஒன்று எடுத்த பிறகுதான் அந்தச் சந்திப்பு எவ்வளவு விசித்திரமானது என்று உறைத்தது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய தமிழ் ஆசிரியரிடம் படித்த மாணவர் அவர். அவருக்கே சிலப்பதிகாரம் எட்டவில்லை என்றால், அது அழியாமல் எங்கோ இருந்தும் இல்லாத நிலைதான். வன்தட்டில் கோப்பு இருக்கிறது, அது எந்தத் தட்டில் என்று யாருக்கும் தெரியாது என்பது போல.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி தஞ்சைப் பகுதியிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் பாடிப் பிழைத்தவர். ஓர் ஊரில் நிலையான வருமானம் இருக்காது. மகனுக்குத் தமிழ் மீது ஆசை என்று தெரிந்ததும், யார் நன்றாகத் தமிழ் சொல்லித் தருகிறார்களோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே மாற்றிக்கொண்டு போனார். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. துணைப்பாட நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோருக்கு அந்தத் தகப்பனாரின் மனம் புரியும்; பாடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் புரியாது!

1871ல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்று கூப்பிடுவார்கள். ஆசிரியருக்குப் பிடித்தது இரண்டாவது பெயர்தான். அதுவே நிலைத்தது. பிள்ளையுடன் திருவாவடுதுறை ஆதீன மடத்திலும் தங்கிப் படித்தார். 1876ல் ஆசிரியர் இறந்த பிறகும் மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்தார். 1880ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்துக்குக் கல்லூரிக்கு வந்தார்.

முதலியார் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பாட்டும் புரியவில்லை, உரையும் புரியவில்லை. இத்தனை ஆண்டு படிப்பும் அந்தக் காகிதக் கட்டின் முன் செல்லவில்லை.

ஏன் புரியவில்லை என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று எழுத்துச் சிக்கல். மற்றொன்று பொருள் சிக்கல்.

எழுத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை பொத்தலாகும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ககரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டிருந்தால் அது கா, கர, கர் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. அடிக்கு அடி வரி மாறாது. எங்கே ஒரு பாட்டு முடிகிறது என்பதையே படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் கணினியில் தமிழ் எழுத்துரு கெட்டுப்போய்க் கட்டம் கட்டமாக வரும்போது எவ்வளவு எரிச்சல் வருகிறது! சிந்தாமணியில் 3,145 பாட்டுகள் இருக்கின்றன.

ஓலையின் ஆயுளும் குறைவு. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் எண்ணெய் பூசி, மை தடவிப் பாதுகாத்தாலும் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. செல்லரிக்கும். ராமபாணப் பூச்சி நேராகத் துளை போட்டுக்கொண்டே போகும். அதனால் பழைய ஏடு நொறுங்குவதற்குள் புதிய ஓலையில் நகல் எடுத்தே ஆக வேண்டும். சங்கப் பாட்டு ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை வந்திருக்கிறது என்றால், இடையில் பலர் அதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அவர்களில் ஒரே ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும். வளையாபதியும் குண்டலகேசியும் அப்படித்தான் போயின. சில பாட்டுகள் தவிர மீதி கிடைக்கவில்லை.

நகல் எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுதுபவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் அந்தத் தவறு அடுத்த நகலுக்கும் போகும். இங்கே எங்கள் வீட்டுச் சர்வரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீவக வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் பாகங்கள் வாங்கி நானே பொருத்தியது. உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். பார்க்க வரும் நண்பர்கள், இரண்டு இருக்கிறதே, பேக்கப் தனியாக எதற்கு என்பார்கள். இரட்டைத் தட்டு பேக்கப் ஆகாது. ஒரு தட்டு செயலிழந்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். நான் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அந்தக் கணமே அழிந்துவிடும். கெட்டுப்போன கோப்பை எழுதினால் இரண்டிலும் கெட்டதுதான் இருக்கும். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே தொகுதியிலிருந்து வாங்கிய தட்டுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பும் உண்டு. ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதிய பத்து நகல்கள் இருந்தாலும், மூலத்தில் பூச்சி அரித்த இடம் பத்திலும் காலியாகவே இருக்கும். எண்ணிக்கை பயன் தராது; வேறு வேறு வழியில் வந்த பிரதிகள் வேண்டும்.

சாமிநாதையர் இதை யாரும் சொல்லாமலேயே புரிந்துகொண்டார். முதலியார் கொடுத்த ஒரு பிரதியை வைத்து அச்சிட்டிருக்கலாம். செய்யவில்லை. திருவாவடுதுறை மடத்துக்குப் போய்த் தேடினார். அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அதே மடத்தின் ஏட்டுக் கட்டுகளில் சிந்தாமணியும் இருந்தது, சங்க நூல்களும் இருந்தன! ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். பிரதிகள் வந்தன. ஒருவர் படிக்க மற்றவர்கள் தத்தம் பிரதியோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு வந்த இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டார். இன்று கோப்பு முறைமைகள் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொண்டு, மாதந்தோறும் தட்டு முழுவதையும் படித்து, எந்தப் பிரதி கெட்டது என்று கண்டுபிடிக்கின்றன. ஐயரிடம் சரிபார்ப்பு எண் இல்லை. யாப்பு இருந்தது. சீர் குறைந்தால், எதுகை தவறினால் அங்கே ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரியும். அதோடு உரையாசிரியர்கள் வேறு நூல்களில் எடுத்துக்காட்டிய வரிகளையும் தொகுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். செய்யுளில் எழுதும் பழக்கம் மனப்பாடத்துக்காக என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பிழை காட்டும் கருவியாகவும் அது பயன்பட்டிருக்கிறது.

பொருள் சிக்கலுக்கு வருகிறேன். சிந்தாமணி சமண காப்பியம். சைவ மடத்தில் படித்த ஐயருக்குச் சமணச் சொற்கள் புரியவில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள்! தமிழ் வித்துவான்கள் பார்த்தேயிராத நூல் அந்த வீட்டில் பக்தியோடு படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுச் சந்தேகம் தீர்த்துக்கொண்டார். மணிமேகலைக்கு அந்த வசதியும் இல்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்து போயிருந்தது. அது எந்தச் சமய நூல் என்பதே முதலில் தெளிவாகவில்லை. பௌத்தம் என்று தெரிந்த பிறகு, கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களில் படித்து விளக்கினார். அதைக் கொண்டுதான் ஐயர் மணிமேகலையைப் புரிந்துகொண்டார்.

கோப்பு பத்திரமாக இருந்தும் திறக்கும் மென்பொருள் இல்லாத நிலை இது. எங்கள் சர்வரிலும் இதே கதைதான். 1960களில் சிராங்கூன் சாலையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இருக்கின்றன. தெளிவாக வருடி ஏற்றியிருக்கிறேன். படத்தில் நிற்பவர்கள் யார் என்று எங்கள் பாட்டிக்கு மட்டுமே தெரியும். பாட்டிக்கு 81 வயது. சனிக்கிழமைதோறும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்கிறேன். வன்தட்டு இன்னும் ஐந்தாறு ஆண்டு தாங்கும், மாற்றிக்கொள்ளலாம். பாட்டி சொல்வதற்கு வேறு பிரதி இல்லை.

1887ல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டிய பதிப்பு அது. அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. கோடை விடுமுறை வந்தால் ஏடு தேடும் பயணம்தான். ரயில், மாட்டு வண்டி, நடை.

அந்தப் பயணங்களில் கேட்ட செய்திகள் சில நெஞ்சைப் பிசையும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட குடும்பங்கள் இருந்தன. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியர் சேர்த்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பயன்படாத பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று சாஸ்திரம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் பதில் வந்தது. எரித்தவர்கள் தீயவர்கள் இல்லை. பக்தியோடு செய்திருக்கிறார்கள். அதனால்தான் அதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

ஆழ்வார்திருநகரியில் நடந்தது வேறு மாதிரி. பத்துப்பாட்டுக்காகப் போயிருந்தார். இலட்சுமண கவிராயர் என்பவர் வீட்டில் ஏராளமான ஏடுகள் இருந்தன. நாள்கணக்கில் தேடியும் வேண்டியது கிடைக்கவில்லை. ஊரில் திருவிழா. பெருமாள் வீதி உலா வந்தபோது மனம் உருகி வேண்டிக்கொண்டு நின்றார். அன்று இரவு கவிராயர் உறவினர் வீட்டிலிருந்து ஏடு ஒன்றை வாங்கி வந்தார். நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தபோது முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தேடிய வீட்டில் இல்லாத பிரதி இன்னொரு வீட்டில் இருந்தது. பிரதிகளை வேறு வேறு இடங்களில் வைக்க வேண்டும் என்று எங்கள் பாடத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2000களில் பரப்பினார். எங்கள் மூன்றாவது பிரதி ஜூரோங்கில் மாமா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகப் பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். ஐயருக்குக் கிடைத்த பிரதிகளில் அந்த வரிசையில் சில பூக்கள் காணாமற் போயிருந்தன. தருமபுரம் ஆதீனத்து ஏடுகளைக் குடைந்து தேடியபோது ஒரு பிரதியில் அந்தப் பகுதி சிதையாமல் இருந்தது. அத்தனை பிரதியிலும் ஓட்டை விழுந்த இடத்தில் இந்த ஒன்றில் மட்டும் விழவில்லை. 99 பூ என்று இன்று வகுப்பில் சொல்கிறோமே, அந்த எண்ணிக்கை ஒரு மடத்து ஏட்டில் தப்பியது.

கிடைக்காத இடங்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அவருக்குச் செய்யுள் இயற்றத் தெரியும். இரண்டு வரி தாமே எழுதி நிரப்பியிருந்தால் அப்போது கண்டுபிடித்திருக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே. நிரப்பவில்லை. கிடைக்கவில்லை என்று காட்டி இடத்தை விட்டுவிட்டார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நல்ல கோப்பு முறைமையும் பழுதான துண்டைச் சரிசெய்ய முடியாவிட்டால் பிழை என்றுதான் சொல்லும். ஏதோ ஒன்றைக் கொடுத்துச் சமாளிக்காது.

பத்துப்பாட்டு 1889ல் வந்தது. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918. குறுந்தொகை 1937ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 82.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே மீட்டார் என்று நம் பாடநூல்களில் ஒரு தோற்றம் இருக்கிறது. அது நியாயமில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை அவருக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885லும் கலித்தொகையை 1887லும் பதிப்பித்தார். சிந்தாமணி வந்த அதே 1887.

அந்த ஆண்டுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1887ல்தான் சிங்கப்பூரில் சி.கு.மகுதூம் சாயபு சிங்கை நேசன் வார இதழைத் தொடங்கினார். கும்பகோணத்தில் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே நேரடியாக அச்சிலேயே தமிழ் பிறந்துகொண்டிருந்தது. 1890 வரை வந்த அந்த இதழ்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்பட்டதால்தான் நுண்படச் சுருளாக இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. அதற்கும் முன்பு, 1875ல், சிங்கை வர்த்தமானி என்ற இதழ் இங்கு வந்திருக்கிறது. பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பிரதியும் கிடைக்கவில்லை. ஓலைதான் அழியும், அச்சு அழியாது என்று நினைக்க வேண்டாம். 2015ல் பொன்விழா ஆண்டில் தொண்டூழியர்கள் கூடி 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிச் சேகரித்து, மின்னுருவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தபோது அவர்கள் செய்ததும் ஒருவகை ஏடு தேடல்தான்.

1903ல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். திருவல்லிக்கேணிப் பக்கம் திருவட்டீசுவரன்பேட்டையில் குடியேறினார். தமக்கு வேலை கிடைக்கக் காரணமான தியாகராச செட்டியாரின் நினைவாக வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். 1906ல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1919ல் ஓய்வு. 1932ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1940ல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தைத் தொடராக எழுதத் தொடங்கினார்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் மாதம் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்து சென்னைதான் என்று மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். 87 வயது ஐயரையும் குடும்பத்தார் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அதே போர் அவரையும் வீட்டைவிட்டு அனுப்பியது. ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். விகடனில் வந்த சரித்திரம் பாதியில் நின்றது. அந்த ஒரு நூலுக்கு மட்டும் வேறு பிரதி எங்கும் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை.

அவர் சேர்த்த ஏடுகளை மகன் கல்யாணசுந்தர ஐயர் கொடுக்க, 1943 ஜூலை 5ஆம் தேதி ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்தைத் தொடங்கினார். இப்போது அது பெசன்ட் நகரில் இயங்குகிறது. 2,000க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. தியாகராச விலாசம் 2012ல் இடிக்கப்பட்டது. ஏடுகள் அதற்கு 69 ஆண்டுகளுக்கு முன்பே அடையாற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.